கீரிமலைக் கீரியும் யப்பானியப் பாம்பும்

சென்ற ஆடி அமாவாசைக்கு முதல்நாள் மாலை, காங்கேசன்துறையிலிருந்து கீரிமலைக்குப் போகும் வீதியில் நானும் என் தங்கையின் மகனும் நடந்துகொண்டிருந்தோம். கனடாவில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வயதைத் தாண்டியவன். என் தந்தையாருக்குப் பிதிர்க்கடன் செலுத்துவதற்காக என்னுடன் வந்திருந்தான். இடிந்துபோன ஒரு மதிலின் மேலிருந்து கீரியொன்று குதித்து வீதிக்கு வந்தது. எங்களைக் கண்டதும் ஒரு கணம் நின்று, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, எதிர்ப்புறப் பற்றைக்குள் மறைந்துவிட்டது.

"மாமா, உங்கை பாருங்கோ, ஸாங்கூஸ்!" என்றான் மருமகன், பத்து வயதுப் பையனைப்போல.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது என்ன சொல் என்று கேட்டேன். அன்றிரவு கேணிக்கரையில் இருந்தபடி அவன் சொன்ன விளக்கமும், அதன் பின்னர் நான் தேடி வாசித்தவையுமே இக்கட்டுரை. சிறுவர்களின் கணினி விளையாட்டொன்றைப் பற்றி இந்த வயதில் எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. ஆயினும் அந்த விளையாட்டின் நூலைப் பிடித்துக்கொண்டு போனபோது, அது என்னைச் சொந்த ஊரின் பெயருக்கே கொண்டுவந்து சேர்த்தது.

போக்கிமொன் என்ற யப்பானிய விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கற்பனை விலங்குகளைப் பிடித்து, பழக்கி, ஒன்றோடொன்று மோதவிடுவதுதான் அதன் சாரம். ஒவ்வொரு விலங்குக்கும் உரிய தாக்குதல் முறைகள் உண்டு. 2002 நவம்பரில் யப்பானிலும், 2003 இல் வட அமெரிக்காவிலும் வெளிவந்த 'ரூபி', 'சஃபையர்' என்ற இரட்டைப் பதிப்புகளில் இரண்டு புதிய விலங்குகள் அறிமுகமாயின. ஒன்று வெண்ணிற மயிரும் சிவப்புப் பட்டைகளும் கொண்ட கீரி, அதுவே ஸாங்கூஸ். மற்றையது வாள்போன்ற வாலை உடைய கரிய பாம்பு. அதன் ஆங்கிலப் பெயர் செவைப்பர். இரண்டும் தலைமுறை தலைமுறையாகப் பகைமை கொண்டவை என்பது அவ்விளையாட்டின் ஐதீகம். கீரியின் ஒவ்வொரு கலத்திலும் அந்தப் பகையின் நினைவு பொறிக்கப்பட்டிருக்கிறது என்று அதன் குறிப்பேடு சொல்கிறதாம்.

அந்தக் கீரி வளரும்போது கற்றுக்கொள்ளும் தாக்குதல்களில் ஒன்றின் பெயரை 'நொறுக்கும் நகம்' என்று தமிழாக்கலாம். யப்பானிய மொழியில் அதற்கு 'பிரேக் குரோ' என்று பெயர். அதன் வலிமை 75 என்றும், குறி தவறாமை நூற்றுக்கு 95 என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது பட்டால், எதிரியின் தற்காப்பு ஒரு படி குறைவதற்கு நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு. இவற்றையெல்லாம் மருமகன் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் வாய்ப்பாடுபோல ஒப்புவித்தான். இந்தக் கீரிக்கு 'நோயெதிர்ப்பு' என்ற இயல்பும் உண்டு. எந்த நஞ்சும் அதைத் தீண்டாது.

இங்கே ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரூபிப் பதிப்பில் கீரி மாத்திரமே காட்டில் அகப்படும்; சஃபையர் பதிப்பில் பாம்பு மாத்திரமே அகப்படும். ஒன்றை வாங்கியவருக்கு மற்றது வேண்டுமானால், மற்றப் பதிப்பை வைத்திருப்பவரோடு தன் கருவியைக் கம்பியால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தாகவேண்டும். இதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் ஊர்.

காங்கேசன்துறையின் பழைய பெயர் கயாத்துறை என்பார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குரிய காங்கேயனின், அதாவது முருகனின், திருவுருவம் வந்திறங்கிய துறை என்பதால் காங்கேயன்துறை ஆகி, அதுவே மருவியது என்பது எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கோவிலை எழுப்பியவள் மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி. குதிரை முகத்தோடு இருந்த அவள், மேற்கே சிறிது தூரத்தில் உள்ள கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி மனித முகத்தைப் பெற்றாள் என்று தலபுராணம் சொல்கிறது. அவளுக்கும் முன்னர், சாபத்தினாற் கீரி முகம் பெற்ற முனிவர் ஒருவர் அதே நீரில் மூழ்கி அந்த முகம் நீங்கப்பெற்றார். நகுலம் என்பது கீரியைக் குறிக்கும் வடசொல். எனவே அவர் நகுலமுனிவர், அங்கே கோயில்கொண்டிருக்கும் சிவபெருமான் நகுலேஸ்வரர், ஊர் கீரிமலை.

கடலுக்கும் கேணிக்கும் இடையில் ஒரு சுவர்தான். சுவருக்கு அப்பால் உப்புக் கடல். இப்பால் நன்னீர் ஊற்று. மழைநீர் சுண்ணக்கற் பாறைகளின் வெடிப்புகளினூடாக நிலத்தின் கீழே ஓடிவந்து கடற்கரையில் ஊற்றெடுக்கிறது. பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றாகிய நகுலேஸ்வரம் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆறுமுக நாவலரின் முயற்சியைத் தொடர்ந்து மீளக் கட்டப்பட்டது. 1990 இல் விமானக் குண்டுவீச்சினாற் சிதைந்தது. 2012 இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது.

அதே 1990 இல்தான் வலிகாமம் வடக்கு மக்கள் எல்லோரும் வீடுவாசல்களை விட்டு வெளியேறினார்கள். நாங்களும் வெளியேறினோம். எங்கள் காணி 2016 இல் விடுவிக்கப்பட்டபோது கொழும்பிலிருந்து போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, நிலைகளும் கதவுகளும் இல்லை, சாமியறைக்குள் ஆலமரம் ஒன்று வளர்ந்திருந்தது. அதன் வேர்களுக்கிடையில் நீளமான பாம்புச் செட்டை ஒன்று கிடந்தது. கிணற்றடிப் பக்கத்தில் கீரி வளை. இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வளவுக்குள் இரண்டும் குடியிருந்திருக்கின்றன. அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மருமகனின் விளக்கத்தைக் கேட்டபோதுதான் அந்தச் செட்டையும் வளையும் நினைவுக்கு வந்தன.

கீரியும் பாம்பும் இயல்பாகவே பகை கொண்டவை என்பதில் தமிழருக்கு ஐயமே இருந்ததில்லை. இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் 'கீரியும் பாம்பும் போல' என்கிறோம். பிள்ளையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, அதன் வாயில் இருந்த இரத்தத்தைக் கண்டு தவறாக விளங்கிக்கொண்ட பார்ப்பனப் பெண் கொன்றுவிட்ட கதை பஞ்சதந்திரத்தில் மட்டும் அன்று, சிலப்பதிகாரத்திலும் வருகிறது. அந்தப் பாவத்தைத் தீர்ப்பதற்குப் பொருள் கொடுத்துக் கணவனையும் மனைவியையும் சேர்த்துவைத்தவன் கோவலன் என்று அடைக்கலக் காதை சொல்கிறது. ஆங்கில உலகுக்கு இந்தப் பகையைக் கொண்டுபோனவர் ருட்யார்ட் கிப்ளிங். 1894 இல் வெளிவந்த அவரது 'ஜங்கிள் புக்' நூலில் உள்ள ரிக்கி-டிக்கி-டாவி என்ற கீரியின் கதையைப் படித்து வளராத ஆங்கிலப் பிள்ளை குறைவு.

கீரி கடிபட்டால் ஓடிப்போய் ஒரு பச்சிலையைத் தின்று நஞ்சை முறித்துக்கொண்டு மறுபடி சண்டைக்கு வரும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. அந்தச் செடிக்குக் கீரிப்பூண்டு, கீரிப்புரண்டான் என்றெல்லாம் பெயர். கிப்ளிங் தம் கதையிலேயே அது வெறும் பேச்சு என்று தள்ளிவிடுகிறார். ஓடிப்போகிற கீரி பெரும்பாலும் சண்டையைக் கைவிட்டு ஓடுகிற கீரிதான்.

உண்மையில் கீரி எப்படிச் சண்டையிடுகிறது? நகத்தால் அன்று. கீரியின் நகம் நிலத்தைக் கிண்டுவதற்கானது; பூனையின் நகத்தைப்போல உள்ளிழுத்துக் கூர்மையைக் காத்துக்கொள்ள முடியாது. கீரியின் படைக்கலம் பல். அதற்கு முன்பாக, பொறுமை. மயிரைச் சிலிர்த்து உடலை இரட்டிப்பாகக் காட்டும். பாம்பு கொத்துகிற கொத்து, தசையில் படாமல் மயிரில் பட்டு வீணாகும். முன்னே பாய்வதுபோலப் பாய்ந்து பின்வாங்கும். நாகம் படமெடுத்து நின்று கொத்தும் இனம். அதன் கொத்து விரியன் இனங்களின் கொத்தைவிட மெதுவானது. பல தடவை கொத்தியபின் களைத்துவிடும். அது தலையைத் தாழ்த்துகிற அந்தக் கணத்தில் கீரி பாய்ந்து அதன் தலையையோ பிடரியையோ கடித்து நொறுக்கிவிடும். விளையாட்டை உருவாக்கியவர்கள் நொறுக்குவதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள். பல்லுக்குப் பதிலாக நகத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. கீரியின் அன்றாட உணவிற் பாம்புக்கு உள்ள இடம் மிகச் சிறியது. பூச்சி, எலி, ஓணான், தவளை, முட்டை, கடற்கரையோரத்தில் நண்டு, இவைதான் அதன் சீவனம். நல்ல பாம்போடு வேலையில்லாமற் சண்டைக்குப் போகும் கீரி அரிது. பாம்பாட்டியின் கூடைக்கருகே, கயிற்றிற் கட்டப்பட்டு, சுற்றிவரச் சனம் கூடி நிற்கும்போதுதான் அது 'பரம்பரைப் பகை'யாகிறது. காங்கேசன்துறைச் சந்தியில் சிறுவயதில் நானும் அப்படியொரு கூட்டத்தில் நின்றிருக்கிறேன். பாம்பாட்டி மகுடியை ஊதி, கதை சொல்லி, காசு சேர்த்துக்கொண்டே இருந்தான். சண்டை மாத்திரம் கடைசிவரை நடக்கவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று பாராமல் விலகிக்கொள்ளவே பார்த்தன என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று நாங்கள் ஏமாற்றத்தோடு வீடு திரும்பினோம்.

இனி யப்பானுக்கு வருவோம். நம்முடைய கீரி அங்கே எப்படிப் போயிற்று?

யப்பானின் பெருந்தீவுகளிற் கீரி இனம் கிடையாது. ஆனால் தெற்கே உள்ள ஒக்கினாவா, அமாமி முதலிய தீவுகளில் ஹபு என்ற கொடிய நச்சுப்பாம்பு உண்டு. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அதன் கடிக்கு ஆளானார்கள். இதற்குத் தீர்வு கண்டவராகத் தோன்றியவர், டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் விலங்கியற் பேராசிரியர் வத்தாசே ஷோஸபுரோ. சாதாரணமானவர் அல்லர். யப்பானியத் தீவுகளின் உயிரினப் பரம்பலைப் பிரிக்கும் எல்லைக்கோடு ஒன்று இன்றும் அவர் பெயராலேயே 'வத்தாசே கோடு' என்று அழைக்கப்படுகிறது. அவர் கங்கையாற்று முகத்துவாரப் பகுதியிலிருந்து சிறிய இந்தியக் கீரிகளை வருவித்து, 1910 இல் ஒக்கினாவாத் தீவில் இருபதுக்கும் குறைவானவற்றை அவிழ்த்துவிட்டார். (இது நம் ஊர்ச் சாம்பற் கீரி அன்று, அதன் நெருங்கிய உறவு. இலங்கையில் நான்கு கீரியினங்கள் உண்டு. இந்தச் சிறிய இனம் அவற்றுள் இல்லை.)

அவருக்கு முன்மாதிரி இருந்தது. 1872 இல் எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி, கரும்பைத் தின்னும் எலிகளை ஒழிப்பதற்காகக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை யமேக்காவுக்குக் கொண்டுபோனார். 1883 இல் யமேக்காவிலிருந்து அவற்றின் வாரிசுகள் ஹவாய்க்குப் போயின. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக இந்தியரைக் கப்பலேற்றிய அதே யுகத்தில், அதே துறைமுகத்திலிருந்து, கீரியும் கப்பலேறியது. இரண்டையும் அனுப்பியவர்கள், அங்கே போய்ச் சேர்ந்தபின் என்ன நடக்கும் என்று இரண்டையுமே கேட்கவில்லை.

ஒக்கினாவாவில் நடந்தது இதுதான். ஹபு இரவில் நடமாடும் பாம்பு. கீரி பகலில் இரைதேடும் விலங்கு. பாம்பு வெளியே வரும்போது கீரி வளைக்குள் உறங்கியது. கீரி வெளியே வரும்போது பாம்பு பொந்துக்குள் சுருண்டுகிடந்தது. வத்தாசேயின் கணக்கில் இந்தச் சிறு விடயம் சேரவில்லை. கூண்டுக்குள் இரண்டையும் விட்டால் சண்டை நடக்கும். காட்டுக்குள் விட்டால் சந்திப்பே நடக்காது. பசித்த கீரி, வேறு எதைத் தின்னும்? கண்ணெதிரே கண்டவற்றைத் தின்றது.

1979 இல் அமாமித் தீவிலும் அதே நோக்கத்துக்காக முப்பதளவிற் கீரிகள் விடப்பட்டன. எழுபது ஆண்டுகால அனுபவத்தை எவரும் கணக்கிலெடுக்கவில்லை. பழைய கதைக்கு இருந்த செல்வாக்கு அப்படிப்பட்டது. 2000 ஆம் ஆண்டளவில் அவை ஏறத்தாழ 10,000 ஆகப் பெருகிவிட்டன. உலகில் வேறெங்கும் இல்லாத அமாமி முயல் குறைந்துகொண்டே போயிற்று. ஒக்கினாவாவின் வடகாட்டில், 1981 இல்தான் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான, பறக்கமாட்டாத யன்பாறு குயினா என்ற பறவையினமும் கீரியின் வாய்க்குள் போகத் தொடங்கியது. தீவில் அதுவரை பாலூட்டி வேட்டைவிலங்கு இருந்ததில்லை. ஓடத் தெரியாத உயிர்கள் அவை.

பின்னர் நடந்தது கீரிக்கு எதிரான போர். 2005 இல் அமாமியில் முழுநேரக் கீரிபிடி அணியொன்று அமைக்கப்பட்டது. பொறிகள், மோப்ப நாய்கள், தானியங்கிக் கமெராக்கள் என்று எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். மொத்தமாக 30,000 க்கும் மேற்பட்ட கீரிகள் கொல்லப்பட்டன. கடைசிக் கீரி 2018 ஏப்ரலில் அகப்பட்டது. மேலும் ஆறு ஆண்டுகள் காத்திருந்து, 2024 செப்ரெம்பரில், தீவிலிருந்து கீரி முற்றாக ஒழிக்கப்பட்டதாக யப்பானிய அரசு அறிவித்தது. யாரும் கேட்காமலே கொண்டுபோகப்பட்டு, போன இடத்தில் 'அந்நியன்' என்று அழிக்கப்பட்ட அந்த விலங்கின் கதையைப் படித்தபோது எனக்குச் சிறிது நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. முயலின் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. கீரியும் தானாகப் போகவில்லை.

இதற்கிடையில் ஒக்கினாவாவில் ஒரு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், கீரியையும் ஹபுவையும் மோதவிட்டார்கள். காட்டில் சந்தியாத இரண்டையும் மேடையில் சந்திக்கவைத்தார்கள். விலங்கு நலச் சட்டம் திருத்தப்பட்டு 2000 இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தபின் அக்காட்சிகள் கைவிடப்பட்டன. பதிலாக இரண்டையும் நீந்தவிட்டுப் போட்டி நடத்தினார்கள். மேடையில் நின்றுபோன சண்டை, இரண்டே ஆண்டுகளில், 2002 நவம்பரில், சிறுவர்களின் கைக்கருவிக்குள் மறுபடி தொடங்கியது. ரூபி, சஃபையர் பதிப்புகளின் கதை நிகழும் நிலம் யப்பானின் தென்தீவாகிய கியூஷுவை மாதிரியாகக் கொண்டது. செவைப்பர் என்ற பாம்பின் யப்பானியப் பெயர் ஹபுனேக்கு. ஹபு என்ற பெயர் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆக, கனடாவில் என் மருமகன் பத்து வயதில் மோதவிட்ட இரண்டும், ஒக்கினாவாக் கண்ணாடிப் பெட்டிக்குள் மோதவிடப்பட்ட அதே இரண்டுதான்.

பாம்பாட்டியின் சந்தி, பேராசிரியரின் கூண்டு, சுற்றுலாக்காரரின் கண்ணாடிப் பெட்டி, சிறுவனின் கைக்கருவி. நான்கிலும் ஒரு பொதுமை உண்டு. சண்டையை விரும்பியவர்கள் வெளியே நின்றார்கள்.

இனி, கலத்தில் எழுதப்பட்டிருப்பதாக அந்த விளையாட்டுச் சொல்லும் விடயம். கீரியின் கலத்தில் உண்மையிலேயே ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அது என்ன என்பதை இஸ்ரேலிய விஞ்ஞானிகள் குழுவொன்று 1992 இல் வெளியிட்டது. நாகத்தின் நஞ்சு வேலை செய்யும் விதம் இது: நரம்பு தசைக்கு அனுப்பும் இரசாயனத் தூதை ஏற்றுக்கொள்ள, தசைக் கலத்தின் மேல் ஒரு வாங்கி இருக்கிறது. நஞ்சு போய் அந்த வாங்கியை அடைத்துக்கொள்கிறது. தூது போகாது, தசை அசையாது, மூச்சு நின்றுவிடும். கீரியின் உடலில் அந்த வாங்கியின் அமைப்பில் சில சிறு மாற்றங்கள் உள்ளன. அவற்றால் நஞ்சு அங்கே பற்றிக்கொள்ள முடிவதில்லை. பின்னர் நடந்த ஆய்வுகள், வாங்கியின் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரை மூலக்கூறொன்று நஞ்சை நெருங்கவிடாமல் தடுப்பதில் முக்கிய பங்கு வகிக்கிறது என்று காட்டின. பூட்டின் துவாரத்தை மறைத்து வைத்த தகடு போன்றது அது. இந்தக் காப்பு முழுமையானதன்று. பெருமளவு நஞ்சு ஏறினாற் கீரியும் சாகும்.

இதிலே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அடுத்த செய்தி. நாகம் தன் நஞ்சினால் ஏன் சாவதில்லை? நாகத்தின் தசையில் உள்ள வாங்கியையும் ஆராய்ந்தார்கள். அங்கும், ஏறக்குறைய அதே இடத்தில், அதேபோன்ற சர்க்கரை மூலக்கூறு. கீரியும் நாகமும் வெவ்வேறு வழியாக வந்து, ஒரே நஞ்சுக்கு எதிராக, ஒரே வகைக் காப்பைப் பெற்றிருக்கின்றன. பரிணாமத்தில் ஒன்றிடமிருந்து மற்றது பெற்றதன்று அது. தனித்தனியே, ஒரே ஆபத்தோடு நெடுங்காலம் வாழ்ந்த இரண்டு உயிர்கள் கண்டுபிடித்த ஒரே விடை.

கலத்தில் எழுதியிருப்பது பகை அன்று, காப்பு. அதிலும் இரண்டு எதிரிகளுக்கும் எழுத்து ஏறத்தாழ ஒன்று.

இதைப் படித்த பின்னர் எங்கள் தீபகற்பத்தின் பழங்கதைகளை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்கு நாகதீபம் என்று பழைய பெயர். நாகநாட்டு அரசர் இருவர் ஒரு மணிப்பீடத்துக்காகப் போருக்கு எழுந்ததையும், புத்தர் வந்து அதைத் தீர்த்துவைத்ததையும் தமிழில் மணிமேகலையும் பாளியில் மகாவம்சமும் சொல்கின்றன. இரண்டு மொழிகளும் ஒத்துச் சொல்லும் கதைகள் நம் நாட்டில் அதிகமில்லை, இது ஒன்று. நயினாதீவில், அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்ததாகவும், வழியில் வந்த வணிகர் ஒருவர் இடையிட்டு விலக்கியதாகவும் கதை உண்டு. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு கற்களைக் கடலில் இன்றும் காட்டுவார்கள். கீரிமலையிலோ, கீரிமுகம் என்பது வீரத்தின் சின்னமே அன்று, அது சாபம். நீராடினாற் கழன்றுபோவது. எங்கள் மண்ணின் கதைகளில் இயல்புப் பகை என்பது தொடக்கம், முடிவு அன்று. ஊரின் பெயரைத் தினமும் உச்சரித்தும் ஐம்பது ஆண்டுகளாக இதை நான் கவனிக்கவில்லை.

சிங்களத்தில் இதே கருத்துக்கு நாகமும் புடையனும் போல என்பார்கள். அங்கே பகைவர் இருவருமே பாம்புகள். அந்தக் கதையை, கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலிலேயே பதிந்துவைத்திருக்கிறார்.

இப்போது என் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதியவன் நான். இரண்டு தலைவர்கள் முரண்பட்டால் 'கீரியும் பாம்பும்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். அது வேடிக்கை, போகட்டும். ஆனால் யுத்த காலத்தில், இரண்டு இனங்களைப் பற்றி எழுதும்போதும் 'வரலாற்றுப் பகை', 'இயல்பான முரண்' என்ற சொற்களை எத்தனை தடவை பயன்படுத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மறுபக்கத்துப் பத்திரிகைகளிலும் அவை இருந்தன. அந்தச் சொற்களில் ஒரு வசதி உண்டு. பிறப்பிலேயே எழுதப்பட்டது என்று சொல்லிவிட்டால், யார் கூண்டைச் செய்தார்கள், யார் கதவைத் திறந்தார்கள், யார் காசு சேர்த்தார்கள் என்று கேட்கவேண்டியதில்லை. செய்யப்பட்ட அநீதிகள் இருந்தன. சட்டங்கள், எரிப்புகள், இடப்பெயர்வுகள், காணாமற்போனோர். அவற்றுக்குத் திகதி உண்டு, கையொப்பம் உண்டு. அவற்றை 'இயல்பு' என்ற சொல்லுக்குள் போட்டு மூடுகிறபோது, செய்தவர் தப்பிவிடுகிறார். ஒரு பத்திரிகையாளன் செய்யக்கூடாத உதவி அது. நான் செய்தேன்.

கேணிக்கரையில் அன்றிரவு மருமகனிடம் கேட்டேன்: "நீ ரூபிதானே வச்சிருந்தனி? அப்ப பாம்பை எங்கை பிடிச்சனி?"

சிரித்தான். "எங்கடை மாடிக்குக் கீழை ஒரு சிங்களப் பெடியன் இருந்தவன், மாமா. அவனிட்டைச் சஃபையர். நான் கீரியைக் குடுத்துப் பாம்பை வாங்கினன். அம்மாவுக்குச் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"2003 தானே, மாமா. சமாதான காலமெண்டாலும் வீட்டிலை அவையளைப் பற்றி ஒருமாதிரித்தான் கதைப்பினம். கேபிள் அவன்ரை. ரெண்டு பேரும் படிக்கட்டிலை இருந்து மாத்தினனாங்கள்."

அதன் பிறகு அந்தப் பையன் எங்கே போனான் என்று கேட்டேன். வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்களாம். தான் கொடுத்த கீரிக்கு வைத்திருந்த பெயரை மாத்திரம் மருமகன் மறக்கவில்லை. அம்மா சொல்லக் கேட்டுப் பழகிய ஊர்ப் பெயர் என்பதால், அதற்கு 'கேகேஎஸ்' என்று பெயர் வைத்திருந்தானாம். காங்கேசன்துறையை ஆங்கிலத்திற் சுருக்கி எல்லோரும் சொல்வது அப்படித்தானே.

மறுநாள் விடியற்காலையில், ஆயிரக்கணக்கான சனத்தோடு சனமாக, நாங்கள் இருவரும் கேணிக்குள் இறங்கினோம். தண்ணீர் குளிர்ந்திருந்தது. சுவருக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. என் தந்தையின் பெயரைச் சொல்லி மூன்று தரம் மூழ்கி எழுந்தேன்.